விமானத்தில் சிக்கிய பச்சைத் துண்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்லக்கனி துப்பறிவாளரின் வீட்டுக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் தம்பி பொன்னுராஜைக் கைது செய்துவிடுவதாக இராஜபாளையம் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

“எந்தம்பி இன்ஜின் பக்கமே போகலை சார். கிணத்துல குளிச்சிக்கிட்டிருந்தான். பார்த்த ஆள்தான் இல்லை” என்றாள், துப்பறிவாளர் ஆவுடையப்பனிடம்.

பொன்னுராஜும் கூட்டாளி ஐயாதுரையும் ஓராள் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். முந்தின நாள் தரையில் இன்ஜின் ஓடியபோது அதன் மர விசிறியான புரொப்பெல்லர் உடைந்து, சிதறிய மரச்சிம்பு வெல்டர் வேல்சாமியின் தலையில் பாய்ந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

இராஜபாளையத்தில் விமானம் நின்ற கொட்டகைக்கு அவர்கள் போனபோது, அங்கே இன்ஸ்பெக்டர், பொன்னுராஜ், ஐயாதுரை மூவரும் இருந்தார்கள். ஆவுடையப்பனின் உதவியாளர் கிருபாபாய் நேரே விமானத்திடம் ஓடினாள்.

“சார், விசிறித் தண்டுல பச்சை நூல் சுத்திக் கிடக்கு!”

“அது எந்துண்டு” என்றான் ஐயாதுரை. “பொன்னுராஜ் சீட்டுல உக்காந்து இன்ஜினைக் கிளப்பினான். நான் பின்னால வாலைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். தோள்ல கிடந்த துண்டை விசிறி உள்ளே இழுத்துட்டு. அம்புட்டுத்தான்.”

செல்லக்கனி தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். துண்டும் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே!

ஆவுடையப்பன் நிதானமாக விமானத்தைச் சுற்றி வந்தார். அதன் மூக்கில் விசிறி இல்லை. விசிறி இருந்தது இருக்கையின் முதுகுப் பக்கம்.

“விசிறி முன்னால இருந்தா விமானத்தை இழுக்கும், பின்னால இருந்தா தள்ளும். அப்படித்தானே சார்?” என்றாள் கிருபாபாய்.

“ஆமா. ஆனா எங்கே இருந்தாலும் அது செய்யிற வேலை ஒண்ணுதான். முன்னால உள்ள காத்தை வாங்கிப் பின்னால வீசும். அந்த உதையிலதான் விமானம் முன்னேறும்.”

கொட்டகை மேஜையில் இருந்த மின்விசிறியைப் போட்டார். அதன் முதுகுப் பக்கம் பிடித்த நூல் கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது. காற்று வரும் பக்கம் பிடித்த நூல் பறந்தோடியது.

“ஐயாதுரை, நீங்க வால் பக்கம் நின்னிருந்தா துண்டு பறந்துபோய் வெளியே நிக்கிற கருவேல முள்ளுல தொங்கியிருக்கும். விசிறிக்குள்ள போகணும்னா அது விசிறிக்கு முன்னால இருந்திருக்கணும். அங்கே இருக்கிறது ஒரே ஒரு சீட்டு. அதுல உக்காந்திருந்தது நீங்கதான்.”

ஐயாதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“தனியா ஓட்டிப் பாக்க ஆசைப்பட்டுட்டேன். துண்டு நழுவி விசிறியில சிக்கிட்டு. வேல்சாமி பக்கத்துல நின்னது தெரியாது சார். பயத்துல இவன் மேல பழியைப் போட்டுட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அவனை ஜீப்பில் ஏற்றினார். செல்லக்கனி தம்பியின் கையைப் பற்றிக்கொண்டாள். “வீட்டுக்குப் போவோம்லே.”

“மதுரைக்குப் போவோம்க்கா.”

“வேல்சாமி பொண்டாட்டி நேத்து உன்னைத்தானே மண்ணை வாரித் தூத்தினா?”

“தூத்தட்டும்.”

இருவரும் மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். வேல்சாமி உயிரோடு இருக்க வேண்டுமே என்பதுதான் வழியெல்லாம் செல்லக்கனியின் நினைப்பு. வார்டு வாசல் பெஞ்சில் இருந்த வேல்சாமியின் மனைவி முத்தாத்தாள் இவர்களைக் கண்டதும் எழுந்தாள். செல்லக்கனி தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“செத்த முன்னதான் அவிய கண்ணைத் தொறந்தாவ” என்றாள் முத்தாத்தாள். “‘சீட்டுல இருந்த ஐயாதுரைக்கு ஒண்ணும் ஆகலையே’ன்னு மொத வார்த்தை கேட்டாவ.”

அவள் பொன்னுராஜின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.