இறவானத்தில் அடைத்த கம்பளி

பரண் மூடியைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டியதும் ஈரக் கம்பளி வாடைதான் மென்னாவின் மூக்கில் ஏறியது. மழையில் நனைந்த கோட்டைச் சுருட்டி வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அந்த வாடை.

"கட்டை மேல மட்டும் காலை வை," என்றான் பின்னாலேயே ஏணியில் ஏறிவந்த அண்ணன் இட்வல். "நடுவுல மிதிச்சியோ, சீலிங்கைப் பிச்சுக்கிட்டு நேரா உன் மக மடியில போய் விழுவ."

"ஏற்கெனவே அவளுக்கு மூச்சு முட்டுது. இதுல நான் வேறயா?"

கீழே படுக்கையறையில் லௌரி இருமுவது நன்றாகவே கேட்டது. ஏழு வயதுப் பிள்ளை. வேல்ஸ் மலைச்சரிவில் இருக்கும் இந்தப் பழைய வரிசை வீட்டுக்கு இலையுதிர் காலத்தில் குடிவந்தார்கள். வந்த நாளிலிருந்து இந்த இருமல்தான். அவள் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்தது. துடைத்தால் மறுவாரமே திரும்ப வந்துவிடும். "இன்னொரு தடவை இப்படி மூச்சு அடைச்சா பிள்ளை தாங்காது. முதல்ல வீட்டைக் காய வைங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மென்னாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வீட்டு ஈரம் காயாததில் அவள் தப்பும் இருந்தது. அந்த ஊரில் குளிர்காற்று என்றால் எல்லோருக்கும் எமன். கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் அடைப்பார்கள். கதவடியில் பாம்பு மாதிரி நீளமான துணித் தலையணையைப் போட்டு இறுக்குவார்கள். அவளும் அதையேதான் செய்திருந்தாள்.

இட்வல் டார்ச்சை இறவானத்தின் பக்கம் திருப்பினான். கூரை சரிந்து சுவரைத் தொடும் அந்த மூலை முழுக்க ஏதோ திணித்துக் கிடந்தது.

"பார்த்தியா லட்சணத்தை? இங்கதான் காத்து வரணும். குளிரைத் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சை எவ்வளவு கனமா வேணும்னாலும் விரி, ஆனா இந்த ஓரத்தை மட்டும் அடைக்கக் கூடாது. அடைச்சா நாம விடுற மூச்செல்லாம் இங்க வந்து தண்ணியா நிக்கும்."

மென்னா கையை விட்டு இழுத்தாள். பஞ்சு வரவில்லை. கம்பளி வந்தது. மக்கிப்போன பழைய ஸ்வெட்டர், குழந்தைக் குல்லாய், சால்வை. ஒவ்வொன்றையும் உருவ உருவ, வெளி வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே வந்தது.

இட்வலின் முகம் மாறியது. "அப்ப அது நெசம்தான் போல," என்றான்.

"எது?"

"விடு."

"அண்ணே, பாதியில நிறுத்தாத. எனக்கு மண்டை வெடிச்சுரும்."

"அறுபத்து மூணுல பெரிய பனி பெய்ஞ்சுதுல்ல? அப்ப இங்க நெஸ்ட்டான்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் இல்ல, ஒரே பொண்ணு. பிள்ளைக்குக் குளிரக் கூடாதுன்னு வீட்டுல இருந்த கம்பளியெல்லாம் எடுத்து ஓட்டை ஓட்டையா அடைச்சிருக்கா. அப்புறம் மண்ணெண்ணெய் அடுப்பைக் கொளுத்தி வச்சுட்டுப் படுத்திருக்கா. புகை போக வழியில்ல. கண்ணு சொக்கித் தூங்கின ரெண்டு பேரும் எந்திரிக்கவே இல்ல."

மென்னாவின் கையில் அடுத்த துணி வந்திருந்தது.

ஒற்றைச் சிவப்புக் காலுறை.

போன கிறிஸ்துமஸுக்கு லௌரிக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. ஒன்றைக் காணோம் என்று பிள்ளையைத் திட்டித் தீர்த்திருந்தாள்.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்," என்றான் இட்வல். அவன் குரலில் உறுதி இல்லை. "இறங்கிடுவோமா?"

"இறங்கிட்டு? நாளைக்கு நீ வேலைக்குப் போயிருவ. அவ இந்த ராத்திரியும் அந்தப் பூஞ்சைக்குக் கீழ படுக்கணுமா? எலின்னா எலி. போய்ச் சாமானை எடுத்துட்டு வா."

காற்றுக்கு வழிவிடும் பிளாஸ்டிக் தட்டுகள் வேனில் இருந்தன. அவன் இறங்கிப் போனான். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மென்னா குப்புறப் படுத்து, கட்டைகளின் மேலேயே ஊர்ந்து மூலைக்குள் போனாள். கூரை முதுகில் இடித்தது. தலையைத் திருப்பவும் இடமில்லை. ஆனாலும் கீழே மகள் இருமிக்கொண்டிருந்தாள், அது துணையாக இருந்தது. அந்த அறையில் சிலிண்டர் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துவிட்டுத்தான் அவள் மேலே வந்திருந்தாள்.

வலப்பக்கம் திறந்துவிட்ட முதல் கீற்று மறைந்தது.

மேகமாக இருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த கீற்றும் மறைந்தது. அதற்கடுத்ததும். துணியைத் திணிக்கும் சத்தம் மெதுவாக, பொறுமையாக அவளை நோக்கி வந்தது.

"அண்ணே?"

பின்னால் பரண் மூடி மெல்லப் பொருந்தி மூடிக்கொண்டது.

இருட்டு. வாயில் தூசி. பின்னுக்கு நகரப் பார்த்தாள். கோட்டு ஏதோ ஆணியில் மாட்டிக்கொண்டது. அப்போது, விரிப்பதற்காகக் காலடியில் சுருட்டி வைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு தானாக விரிந்தது. பாதத்தைச் சுற்றிலும் யாரோ அதைச் செருகினார்கள். பிறகு முழங்காலைச் சுற்றி. தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துச் செருகுவது போல, அவ்வளவு பக்குவமாக.

காதருகில் ஈரக் கம்பளி வாடை.

"குளிருதா கண்ணு?"

மென்னா கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் தூசிதான் போனது. பஞ்சு இடுப்புக்கு வந்தது, முதுகுக்கு வந்தது. அந்தப் பயத்திலும் ஒன்று அவளுக்கு உறைத்தது.

கீழே இருமல் நின்றிருந்தது.

மூன்று மாதமாக அந்த இருமல் நிற்காதா என்று ஏங்கியவள் அவள். இப்போது அது நின்றதும் அதைக் கேட்கக் காதைத் தீட்டினாள்.

"லௌரி!"

கட்டை மேல மட்டும் காலை வை. அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. மென்னா குதிகாலைத் தூக்கி, இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் ஓங்கி உதைத்தாள். பலகை விரிசல் விட்டது. மறுபடியும் உதைத்தாள். பெற்ற வயிறு என்ன செய்யாது? கோட்டுக் கை கிழிந்து ஆணியோடு நிற்க, சுண்ணாம்பும் பலகையுமாக அவள் கீழே விழுந்தாள். கட்டில் ஓரத்தில் இடுப்பு இடித்தது.

அறை அடுப்பங்கரை மாதிரிக் கொதித்தது. ஹீட்டர் உச்சத்தில் எரிந்தது. ஜன்னல் இடுக்கில் பரணில் உருவிய அந்த மக்கிய ஸ்வெட்டர் திணிக்கப்பட்டிருந்தது. வரவேற்பறைக் கதவடியில் கிடக்க வேண்டிய துணிப் பாம்பு இந்தக் கதவடியில், உள்பக்கமாக, இறுக்கிக் கிடந்தது. லௌரி கழுத்துவரை போர்த்தி, கன்னம் சிவக்கப் படுத்திருந்தாள். தூக்கினால் துணி போலத் துவண்டாள்.

மென்னா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வாசல் கதவை இட்வல் வெளியிலிருந்து இடித்துக்கொண்டிருந்தான்; அவள் திறந்ததும் சீறினான்.

"எவ்வளவு நேரமா தட்டுறேன்! சாவி திரும்பவே மாட்டேங்குது, உள்ள என்ன..." லௌரியைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டுகளைக் கீழே போட்டான். "ஐயோ, வேன்ல ஏறு!"

பனி கொட்டும் மலைப்பாதையில் வேன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. மென்னா தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள். குளிர்காற்று ஊசியாகக் குத்தியது. குத்தட்டும் என்று மகளின் முகத்தை அதற்கு நேராகப் பிடித்தாள். "மூச்சு விடுடா தங்கம், விடுடா," என்று முதுகைத் தேய்த்தாள்.

லௌரி இருமினாள்.

மென்னா வாய்விட்டு அழுதாள். இட்வலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இருமட்டும்டி, நல்லா இருமட்டும்," என்றான். மென்னா மகளின் நெற்றியில் முகம் புதைத்துக்கொண்டு, அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ.

"அம்மா," என்றாள் லௌரி, தூக்கக் குரலில். "இப்பக் குளிரல."

ஆமாம், குளிரவில்லை. காற்றுச் சத்தமும் இல்லை. மென்னா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கண்ணாடியின் இடுக்கில் அவளுடைய கோட்டின் கிழிந்த கை திணிக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் மிச்சமிருந்த சிறு சந்தில், அந்தச் சிவப்புக் காலுறையின் சோடி.

பிடித்து இழுத்தாள்.

வெளியிலிருந்து யாரோ அதைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள்.

"என்னமோ தெரியல மென்னா," என்றான் இட்வல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நீளமாகக் கொட்டாவி விட்டு. "கண்ணைச் சொக்குது."