நீல வளையம் போட்ட எலிகள்

சென்னகேசவன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். குளித்தான். பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தான். டி.வி.எஸ். ஐம்பதை நான்கு மிதி மிதித்ததும் கிளம்பியது. பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த பார்மசி கல்லூரிக்கு ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தான். மனைவி வரலட்சுமி இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

எலி அறையின் பூட்டைத் திறந்தான். ஈர மரத்தூளும் மூத்திரமும் ஈதரும் கலந்து, சட்டையோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடுகிற அந்த வாசனை இருந்தது. எக்ஸாஸ்ட் விசிறி கரகரத்துக்கொண்டிருக்க, அதன் தகடுகளின் நிழல் கூண்டு வரிசைமேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. பூட்டுச் சத்தம் கேட்டதுமே எலிகள் பின்னங்காலில் நின்று கம்பிவலையைப் பிறாண்டும். இரண்டு வருடமாக அப்படித்தான். இன்று பிறாண்டல் இல்லை.

"நேத்தையிலிருந்தே இப்படித்தானுங்க" என்றாள் கூண்டு கழுவும் பழனியாத்தாள். "நீல வளையம் போட்டதுக தீனியே திங்கலீங்க. வெறும் உப்புத்தண்ணி ஊசிக்கே இப்படிக் கெடந்தா, மருந்து ஊசி போட்டா எந்திரிச்சு ஆடும் போல இருக்குதுங்க."

"வெக்கையா இருக்குமுங்க அக்கா."

"கார்த்திக மாசத்துலீங்களா? படிச்சவங்க சொன்னாச் சரிதானுங்க." சிரித்துக்கொண்டே வாளியோடு வெளியே போனாள்.

ஒரு தூக்க மருந்து எலியின் நடத்தையையும் மூளையையும் என்ன செய்கிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. வாலில் சிவப்பு வளையம் வரைந்த எலிக்கு மருந்து. நீல வளையத்துக்கு வெறும் உப்புத்தண்ணீர். அரை மணி கழித்து எலியை மல்லாத்த வேண்டும். உப்புத்தண்ணீர் எலி அந்த நொடியே புரண்டு எழும். மருந்து எலி கிடக்கும். அது எழும்வரை மூச்சை எண்ணி எழுத வேண்டும். கடைசியில் தலையை வெட்டி, மூளையை ஐஸில் வைத்து, உள்ளிருக்கும் ரசாயனங்களை அளக்க பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். மிச்சம் ஆறு நீல எலிகள். இன்று அனுப்பாவிட்டால் இரண்டு வருடம் வீண் என்று கைடு சொல்லியிருந்தார்.

ஆறுக்கும் ஊசி போட்டான். அரை மணி காத்திருந்தான். முதல் எலியை மேஜையில் மல்லாத்தினான்.

அது புரளவில்லை.

ஊசிக் குழாயில் மிஞ்சியிருந்த சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

இரண்டாவதை மல்லாத்தினான். மூன்றாவதை. ஆறும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்தபின் வரலட்சுமிக்குத் தூக்கமே இல்லை. ஒரு மத்தியானம் அவன் இந்த அறையிலிருந்து மருந்துக் குப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனான். இருநூறு கிராம் எலிக்கு இவ்வளவு என்றால் நாற்பத்தெட்டு கிலோவுக்கு எவ்வளவு என்று பெருக்கி, அவளுக்கு ஊசி போட்டான். எலிக்குப் போடும் அளவை அப்படி எடைக்கு எடை பெருக்கி மனிதனுக்குப் போடக் கூடாது. பரீட்சையில் அவனே எழுதிய பதில் அது. அவள் மூச்சு குறைந்தபோது அவன் பயப்படவில்லை. எலிகள் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடும். அவளும் எழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டிருந்தான். கடைசியாக எழுதியது ஒன்பது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அவன் காலண்டர் தாளை எரித்தான்.

முதல் எலியின் மூச்சை எண்ணினான். எலி நிமிடத்துக்கு எண்பது தடவைக்கு மேல் மூச்சு விடும்.

ஒன்பது.

அடுத்தது. ஒன்பது.

ஆறு வயிறும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின. விசிறி எப்போது நின்றது என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இவ்வளவு சிறிய மார்புக்கு இவ்வளவு பெரிய மூச்சு கிடையாது.

குனிந்தான். கண்கள் மூடியிருக்கவில்லை. விரலை இடப்பக்கம் நகர்த்தினான். பன்னிரண்டு சிவப்புக் கண்கள் இடப்பக்கம் போயின. வலப்பக்கம். வந்தன. முன்னங்கால்கள் நடுங்கின. எழப் பார்த்தன. முடியவில்லை.

"ஏனுங்க, ஐஸ் கொண்டாந்துட்டனுங்க" கதவுக்கு வெளியே பழனியாத்தாள். "உள்ள வெக்கட்டுங்களா?"

கத்தி அவன் கையில் இருந்தது. எப்போது எடுத்தான்?

முதல் எலி கத்தியைப் பார்த்தது. பிறகு அவனை.

"சார்? பொட்டி கட்டோணும்னு கைடய்யா கேக்கறாருங்க."

கடைசியாக என்ன சொன்னாள் என்று வரலட்சுமியின் அம்மா அழுதுகொண்டே கேட்டபோது, தூக்கம் வருகிறது என்றாள் என்று சொல்லியிருந்தான். அவள் அதைச் சொல்லவே இல்லை. ஒன்பதுக்கு முந்தைய எண்ணிக்கையின்போது முனகலாக ஒன்று சொன்னாள். எண்ணிக்கை தவறிவிடும் என்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில் 'உளறல்' என்று மட்டும் குறித்தான். அந்த வார்த்தைகளே இப்போது மேஜையிலிருந்து வரலட்சுமியின் குரலில் வந்தன.

"ஏனுங்க, நான் தூங்கலீங்க. முழிச்சுட்டுத்தான் இருக்கறேன். திரும்பத்தான் முடியலீங்க."