ஒருவர் படுக்கும் மேடை

சாப்பாட்டு டப்பா கழுவித் திரும்பி வந்தது. பதினோரு வருடக் கல்யாணத்தில் தின்ற தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர், ஒரு வாரமாக டப்பாவைப் பிசுக்கில்லாமல் துடைத்து, மூடியைச் சரியாகப் பொருத்திக் கொண்டுவருகிறார்.

"ஆம்பளை டப்பா கழுவினா, பின்னால ஒரு பொம்பளை இருக்கான்னு அர்த்தம்டி," என்று போனில் அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் தொல்லியல் துறையில் வரைபடம் வரைபவர். ஆயிரம் வருடத்துக்கு முன் புத்த பிட்சுக்கள் வாழ்ந்த மடத்தைத் தோண்டி எடுக்கும் இடத்தில் வேலை. இப்போதெல்லாம் தரையில், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். தொட்டால் தோளைச் சுருக்கிக்கொள்கிறார்.

"யாருங்க அவ?" என்று ஒரு ராத்திரி கேட்டேவிட்டாள்.

"அங்க பொம்பளைங்களே கிடையாதும்மா," என்றார், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற அன்போடு. அந்த அன்புதான் அவள் வயிற்றில் நெருப்பை வைத்தது.

மறுநாள் சாயங்காலம் அங்கே போய் நின்றாள். காவலாளி கூடாரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கிளம்பியாச்சு. சார் மட்டும் ஒன்பதாம் அறையில. கூட்டிட்டுப் போங்கம்மா, இங்கயே குடித்தனம் வெச்சிடுவாரு போலிருக்கு."

குடித்தனம். தோண்டிய பள்ளத்துக்குள் அவள் இறங்க, அந்தச் சொல்லும் கூடவே இறங்கி வந்தது.

கடைசி வெயிலில் செங்கல் முற்றம் மட்டும் சிவந்திருக்க, அதைச் சுற்றிப் பன்னிரண்டு சிறிய அறைகள், குனிந்துதான் நுழைய முடிகிற வாசல்களோடு இருண்டிருந்தன. ஈர மண்ணும் அணைந்த திரியும் கலந்த வாசனை ஒவ்வொரு வாசலிலிருந்தும் வந்தது. காற்றே இல்லாத அந்தப் பள்ளத்தில், பலர் ஒரே சீராக மூச்சு விடுவதுபோல ஏதோ ஏறி இறங்கியது.

காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு வளையல் சத்தம் கேட்காதா?

முதல் அறையில் ஒருவர் மட்டும் படுக்கிற கல்மேடை. அதன் தூசியில், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்த உடம்பின் தடம். இரண்டாவதிலும். மூன்றாவதிலும்.

ஒரு பெண்ணாக இருந்திருக்கக் கூடாதா? பெண்ணென்றால் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடலாம்.

ஒன்பதாவது வாசலில் அவருடைய செருப்பு. உள்ளே இருட்டு.

அதற்குமேல் கால் நகரவில்லை. முற்றத்து நடுவில் நின்று, கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிறபடியே கூப்பிட்டாள்.

"என்னங்க..."

மூச்சுச் சத்தம் நின்றது.

"இதோ வந்துட்டேன்." முதல் அறை.

"இதோ." நான்காவது.

பிறகு எல்லாப் பக்கமும். ஆண் குரல்கள். கரகரத்து, அவசரப்பட்டு. எந்த வீட்டுக்காரியும் ஆயிரம் வருடமாகக் கூப்பிடாதவர்களின் குரல்கள்.

செருப்புக் கிடந்த அறை மட்டும் பேசவில்லை.

மற்ற பதினோரு வாசல்களிலும், மழித்த தலைகள் குனிந்து வெளியே வந்துகொண்டிருந்தன.