லூசிலின் ஜடை

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுண்ணா... எனக்கு டீல சக்கரை வேண்டாம்!"

வாணலியில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மடலீனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் நாத்தனார் வெர்னா. இருந்தாலும் இசிடோர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

"மடலீன், சக்கரை வேண்டாமாம்."

"கேட்டுச்சுங்க."

"கேட்டுச்சாம்" என்றார் தங்கையிடம்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படித்தான். வெர்னா அண்ணியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணி என்று கூப்பிட்டதும் இல்லை. நடுவில் நின்று சேதி சொல்லிச் சொல்லியே இசிடோருக்குத் தலை நரைத்தது. தபால் இலாகாவில் இவ்வளவு உழைத்திருந்தால் பென்ஷனாவது வந்திருக்கும்.

வெர்னா வான்கூவரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்து சாப்பாடு வைக்கும் நாள் அன்றைக்கு. அதைவிட, ஊர்க்கோடியில் எரிந்துபோன சர்ச்சின் சாம்பலைக் கண்ணாரப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தாள். வந்த கையோடு போய்ப் பார்த்துவிட்டு, நல்ல விருந்து சாப்பிட்டவளைப் போலத் திரும்பினாள்.

அந்த வசந்த காலத்தில்தான் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் வைத்து சர்ச்காரர்கள் நடத்திய பழைய விடுதிப் பள்ளியின் ஆப்பிள் தோட்டத்தில் கருவி வைத்துப் பார்த்து, மண்ணுக்கடியில் பிள்ளைகளைப் புதைத்த சின்னச் சின்னக் குழிகள் இருப்பதாகச் சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து ஆற்றின் இருகரையிலும் ஊருக்கு ஊர் சர்ச்சுகள் எரிந்தன. யார் கொளுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஊர் சர்ச்சின் சாவி மட்டும் இத்தனை வருஷமாக மடலீனிடம்தான் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் பெருக்கித் துடைத்தவள் அவள்தான்.

"இன்னொண்ணும் சொல்லுண்ணா..." வெர்னாவின் குரல் உயர்ந்தது. "இன்னிக்கு அம்மா கல்லறைக்கு இவ வரக்கூடாது!"

இசிடோர் இந்தச் சேதியைக் கொண்டுபோகவில்லை. "வெர்னா... போதும்" என்றார்.

"என்ன போதும்? சர்ச் எரிஞ்சதுக்கு முந்தின சாயங்காலம் இவ அங்கருந்து ஏதோ மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தாளாம். பெட்ரோல் பங்க்ல நின்னவங்க எல்லாரும் பார்த்திருக்காங்க. எதைக் காப்பாத்தினா? அவங்க வெள்ளி விளக்கையா? நம்ம புள்ளைங்களை மண்ணுல போட்டவங்களுக்கு இவ விளக்கு தொடச்சா! அன்னிக்கு அந்தப் பள்ளிக்கூடத்துலயும் இவதானே கத்திரிக்கோலை எடுத்தா? என் கண்ணால பார்த்தேனே... நம்ம தங்கச்சி லூசில் அழ அழ, இவ ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாம வெட்டினாளே!"

மடலீன் அடுப்பை அணைத்தாள். இனி சுமக்க வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளறைக்குப் போய், அலமாரியின் அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். புகைபோட்டுப் பதப்படுத்திய மான்தோலில் சுற்றியிருந்தது. தோலின் புகைவாசனை அடுப்படியை நிறைத்தது. மேஜைமேல் வைத்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு சின்ன ஜடை. கறுப்பு. நுனியில் சிவப்பு நூல்.

அம்மா கட்டிவிடும் நூல் அது. வெர்னாவுக்கு அதே நூல், லூசிலுக்கும் அதே நூல். வெர்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய பொண்ணுங்கதான் சின்னதுங்களுக்கு வெட்டணும்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க" என்றாள் மடலீன். இசிடோரிடம் இல்லை, நேராக வெர்னாவிடம். "நான் அழுதிருந்தா கத்திரிக்கோலை வேற ஆள்கிட்ட கொடுத்திருப்பாங்க. அவங்க முடியைக் கூட்டி அடுப்புல போடுவாங்க. உன் ஜடையும் அப்படித்தான் போச்சு வெர்னா, என்னால தடுக்க முடியல... லூசில் என் காதுல சொன்னா, 'அக்கா, என் ஜடைய எங்கயும் போட்றாதீங்க, அம்மா கேப்பாங்க'ன்னு. பாவாடைக்குள்ள சொருகிட்டேன். வேறென்ன என்னால முடியும்? எனக்கும் அப்ப சின்ன வயசுதானே..."

"அவ ஓடிப்போயிட்டான்னு சொன்னாங்களே!"

"ஓடல. நோயாளி அறையில ராத்திரியெல்லாம் இருமிட்டே கெடந்தா. ஒருநாள் காலையில கட்டில் காலியா இருந்தது. படுக்கைய நான்தான் மடிச்சேன்."

இசிடோர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவரும் அதே பள்ளியில் படித்தவர்தான். பையன்கள் பக்கத்திலிருந்து தங்கைகளைப் பார்த்துக் கையசைத்தாலே அடி விழும். அவர் தோள் குலுங்கியது.

இந்த ஊரில், போனவர்களின் முடியை வீட்டார் கையில் கொடுத்துவிட்டால் சாவைச் சொன்னதாக அர்த்தம். பிறகு வீட்டார் தங்கள் முடியையும் வெட்டி, இரண்டையும் சேர்த்து மண்ணில் வைத்து, சாப்பாடு படைத்து அழுது முடிப்பார்கள். அந்தக் கோடையில் ஊர் திரும்பிய மடலீன், ஜடையோடு லூசில் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே அவள் அம்மா, ஓடிப்போன பெண் பசியோடு வந்துவிடுவாள் என்று ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மடலீனால் கையை நீட்ட முடியவில்லை. பிறகு அந்த அம்மாவே மாமியாராகிவிட்டாள். தட்டு மட்டும் தினமும் அங்கேயே இருந்தது.

"உங்க அப்பா அறுத்த மரத்துல கட்டின சர்ச்" என்றாள் மடலீன். "அதான் இதை அங்கயே, மாதா சிலைக்குப் பின்னாடி மரச் சந்துல வெச்சிருந்தேன். வாராவாரம் பெருக்கப் போனது சாமிக்காக இல்ல. எலி கடிச்சிடுச்சான்னு பார்க்கத்தான். பக்கத்து ஊர் சர்ச் எரிஞ்சதும் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துட்டேன்."

வெர்னா மேஜையை ஓங்கி அடித்தாள். டீ சிந்தியது.

"வாயத் திறந்திருக்கலாமே! அம்மா போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே! நான் எதுக்கு வான்கூவர் போனேன்? அவளைத் தேடித்தானே! தெருவுல அவ வயசுல ஒருத்தி போனாக்கூட முன்னாடி ஓடி மூஞ்சியப் பார்ப்பேனே... பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க எல்லாரும்!"

"தெரியும். ஒவ்வொரு தடவையும் நீ போன் போட்டு உன் அண்ணன்கிட்ட 'இந்தத் தடவை கிடைச்சிடுவா'ன்னு சொல்வே. பக்கத்துல நின்னு கேட்பேன். அந்தக் குரல்ல இருக்கிற சந்தோஷத்தை என் கையால எப்படி வெட்டுவேன்? ஒரு தடவை வெட்டினது போதாதா? என்னைத் திட்டிட்டாவது நீ நல்லா இருன்னு விட்டுட்டேன். அது தப்புன்னா... தப்புதான் வெர்னா. மன்னிச்சிடு."

வெர்னா அந்த ஜடையைத் தொடப் பயந்து, நுனி நூலை மட்டும் ஒரு விரலால் தொட்டாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகை, பள்ளியில் அழ விடாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. மடலீன் போய்க் கட்டிக்கொண்டாள். வெர்னா தள்ளிவிடவில்லை.

"இந்த வசந்தத்துலயே தேடுறத நிறுத்திட்டேன்" என்றாள் தோளில் முகம் புதைத்தபடியே. "அந்தத் தோட்டம்னு நியூஸ்ல சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு... அம்மாகிட்ட கொண்டுபோய்ச் சேர்க்க ஒண்ணுமே இல்லையேன்னு வெறுங்கையோடதான் வந்தேன்."

அவள் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படி இழுப்பறையைத் திறந்து எதையோ துழாவினாள். கத்திரிக்கோல்! இசிடோர் பதறித் திரும்பினார்.

வெர்னா அதை மடலீனின் கையில் வைத்தாள்.

"நீங்களே வெட்டுங்க, அண்ணி."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மடலீனுக்குக் கண் மறைத்தது. அன்றைக்குப் பள்ளியில் அடக்கியதெல்லாம் அப்போதுதான் வழிந்தது.

"என்னாலயா? வேண்டாம்மா..."

"அன்னிக்கு யாரும் எங்களைக் கேட்கல. இன்னிக்கு நாங்களே கேட்கிறோம். வெட்டுங்க."

முதலில் இசிடோர் வந்து உட்கார்ந்தார். அந்த ஊர் ஆண்கள் வழக்கப்படி அவருக்கும் இடுப்பைத் தொடும் நரைத்த ஜடை. "பார்த்து... காதும் சேர்ந்து வந்துடப் போகுது" என்றார் அழுதுகொண்டே. வெர்னாவின் தலையிலோ பிடிக்கவே முடி இல்லை. பள்ளியை விட்டு வந்ததிலிருந்து அவள் வளர்த்ததே இல்லை. காதோரம் கிடைத்ததை வெட்டினாள் மடலீன். கடைசியில் வெர்னா கத்திரிக்கோலை வாங்கி, அண்ணியின் ஜடையை வெட்டினாள். குடும்பத்தில் ஒருத்தி என்றால் அவளுடையதும் சேரத்தானே வேண்டும்.

மத்தியானம் எரிந்த சர்ச்சின் கருகிய மரங்களைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். கருகல் வாசனை இன்னும் போகவில்லை. "அப்பா அறுத்த மரம்" என்றாள் வெர்னா, முதல் தடவையாகக் கொஞ்சம் வருத்தத்தோடு. பின்பு, "எரியட்டும்" என்றாள்.

அம்மாவின் பக்கத்தில் சின்னதாகத் தோண்டி, லூசிலின் ஜடையையும் அவர்களுடையதையும் மான்தோலில் சுற்றி வைத்தார்கள். மாமியார் வைத்திருந்த அந்தத் தட்டை மடலீன் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். அதில் காய்ந்த சால்மனும் ரொட்டியும் பழ ஜாமும் வைத்தாள். ஜாம் மட்டும் நிறைய. லூசிலுக்கு அதுதான் பிடிக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூவரும் களைத்து உட்கார்ந்தார்கள். களைப்பாக இருந்தாலும் நிம்மதியாக இருந்தது. மொட்டைக் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் இசிடோர்.

"குளிருது..."

"நல்லா இருக்கு. வயசு குறைஞ்சிடுச்சு" என்றாள் மடலீன், கெட்டிலை அடுப்பில் வைத்தபடி.

"டீல சக்கரை தூக்கலா போடணும்" என்றாள் வெர்னா.

பழக்க தோஷம். இசிடோர் சட்டென்று திரும்பினார். "மடலீன், சக்கரை தூக்கலா..."

"நீ சும்மா இருண்ணா!" என்றாள் வெர்னா. "நான் எங்க அண்ணிகிட்ட பேசிட்டிருக்கேன்."