என்ன கேக்குது?

ஹில்மி தன் ஓட்டோவில் பேசாலை போய் இறங்கியபோது பகல் பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. பேய் பிசாசு நடமாட ஏற்ற நேரமே இல்லை.

சிலாவத்துறையில் அவனுக்கு வாகனம் திருத்தும் தகரக் கொட்டில் ஒன்றும், ஊரெல்லாம் பேர்போன இரண்டு காதுகளும் இருந்தன. எந்த வாகனம் எங்கே இரைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அடுப்படியிலிருந்து தான் கூப்பிடுவது மட்டும் அந்தக் காதுகளில் விழாது என்பது மனைவி ஷப்னாவின் முறைப்பாடு.

கார் திருத்த அவனைக் கூப்பிட்டிருந்த கொன்ஸ்ரன்ரைனின் வீடு பழசு. முற்றத்தில் நின்ற கார் அதைவிடப் பழசு. அவருடைய மனைவி அருளம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தால்தான் உயிர். நாளைக் காலை போயாக வேண்டும். காரோ இரண்டு கிழமையாக இரைகிறது. கடற்கரைக் காற்றாலையின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாராம் கொன்ஸ்ரன்ரைன்.

அது இரைச்சல் இல்லை என்று கதிரையில் சாய்ந்திருந்த அருளம்மா மெல்லச் சொன்னார்.

ஹில்மி காரை வீதியில் ஓட்டிப் பார்த்தான். நாற்பதைத் தாண்டியதும் தேன்கூட்டைக் கிளப்பியதுபோல ஒரு முனகல். வலப்பக்கம் வெட்டினால் பாரம் இடப்பக்கம் விழும். வெட்டினான், முனகல் கூடியது. ஆக, இடது முன்சில்லு. ஜாக்கியில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். கிழவன் பல்லாக ஆடியது. கழற்றிய பெயாரிங்கில் கிறீஸ் கருகி, குண்டுகள் அரித்துப்போயிருந்தன.

"வாகனம் கேக்கிறதைக் குடுத்தால், அது வாயை மூடும்," என்றான். எல்லா வீட்டிலும் அவன் சொல்லும் பகிடி அது. கொன்ஸ்ரன்ரைன் மரியாதைக்குச் சிரித்தார்.

புதியதை அடித்து இறுக்கிய பிறகு, சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் இருந்து காது கொடுக்க வேண்டும். கொன்ஸ்ரன்ரைன் அண்ணையைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினான். கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது. பின்னால் பார்க்கும் கண்ணாடி எந்தக் காலத்திலோ கழன்று போயிருந்தது.

நாற்பது. ஐம்பது. அவன் காதில் ஒன்றுமே விழவில்லை. தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

"இப்ப கேக்குதா?"

"ஓம். கேக்குது."

குரல் தாழ்ந்து, ஈரமாக இருந்தது. அணைந்த மெழுகுதிரியின் புகை மணத்தது.

அறுபதுக்கு ஏற்றி வலப்பக்கம் வெட்டினான்.

"இப்ப?"

"கேக்குது."

ஹில்மிக்கு ரோசம் வந்தது. புதுப் பெயாரிங், இவனுடைய கை, அப்படியும் கேட்கிறதாம். ரோசம் வந்தால் அவனுக்குப் பகிடிதான் வாயில் வரும்.

"கேட்டால் குடுத்திட வேண்டியதுதான்."

பின்னால் ஒரு நீண்ட மூச்சு. காத்திருந்து களைத்தவர் விடும் மூச்சு.

அதற்குப் பிறகுதான் கேட்டான்.

"என்ன கேக்குது, அண்ணை?"

"அருளம்மாவை."

பிரேக்கை மிதித்துத் திரும்பினான்.

பின்சீற்றில் ஒருவரும் இல்லை.

காரைத் திருப்பிக்கொண்டு வந்தபோது வீட்டுப் படலையில், சேட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கொன்ஸ்ரன்ரைன் நின்றார். சேட்டுப் போட்டுவர உள்ளே போயிருந்தாராம்.

"என்ன தம்பி, என்னை விட்டிட்டுப் போட்டீங்கள்?"

ஹில்மி கார்ச் சாவியை அவர் கையில் வைத்தான். சில்லு இன்னும் சரிவரவில்லை, நாளைக்கு என் ஓட்டோவில் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னான். வழிநெடுக, குடுக்கவில்லை, பகிடிக்குச் சொன்னது என்று வெறும் வீதிக்குச் சொல்லிக்கொண்டு போனான். தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினான். சொன்ன பகிடியைத் திரும்ப விழுங்க ஓதல் ஏது?

மறுநாள் காலை ஓட்டோ ஊமைபோல ஓடியது. பின்னால் கணவரின் தோளில் சாய்ந்தபடி அருளம்மா. மன்னார் வரும்வரை ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று ஹில்மி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தோட்டவெளி தாண்டியதும் அருளம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, ஏன் ஒண்டும் கதைக்காமல் வாறீங்கள்?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசி உயிரோடு இருக்கிறாள். ஷப்னாவின் சமையலைப் பற்றி, தன் செவிட்டுக் காதைப் பற்றி, வாயில் வந்த பகிடியெல்லாம் விட்டான். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து அருளம்மா சிரித்தார். அப்படிச் சிரிக்கச் சிரிக்கவே ஆஸ்பத்திரி வந்தது.

தாதி குனிந்து அருளம்மாவின் கையைப் பிடித்தாள். விட்டாள். கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தாள்.

அவர் மனைவியைச் சுற்றிப் போட்ட கையை எடுக்கவில்லை.

"தோட்டவெளியில மூச்சு நிண்டிட்டுது, தம்பி. நிப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ்வளவு நேரமும் ஆரோட சிரிச்சுக் கதைச்சனீங்கள்?"

அருளம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். ஹில்மி ஓட்டோவுக்குப் பக்கத்தில் வெளிமதிலில் சாய்ந்து நின்றான்.

மருந்துப் பையோடு ஒரு பெரியவர் வந்தார். ஓட்டோ தாராபுரம் போகுமா என்று கேட்டார். ஹில்மி வாய் திறக்குமுன் ஏறக் குனிந்தவர், உள்ளே பார்த்துவிட்டு, மரியாதையாகக் காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"பின்னால ஒரு அம்மா இருக்கிறா போல. பரவாயில்லை மகன், நான் பஸ்ஸில போறன்."