வழித்துணைக்கு எடுத்த கல்

ஐரோப்பாக் கண்டத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த மனிதர் பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்து எல்லைக்குள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் அத்தான் ஆதப்பன். வடக்கே திருச்சியையும் கிழக்கே அறந்தாங்கியையும் அவர் அதுவரை தாண்டியதில்லை.

ஐம்பத்துநாலாம் வருஷம் சித்திரையில், திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியுடன் போய் இறங்கினேன். பதினைந்து நாளில் ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்றிவரும் திட்டத்துக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் பி.ஏ. வரை படித்தவன். தேறினேனா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போகிறவர்கள் மூன்று பேர்: அத்தான், அவர் மனைவியான என் அக்காள் பொன்னம்மாள், நான். பம்பாயில் கப்பலேறி நேப்பிள்ஸில் இறங்குவது. அங்கிருந்து ரோம், ஃப்ளாரன்ஸ், மிலான், ஜெனீவா, பாரிஸ் என்று ரயில். எழும்பூரில் அத்தானுக்குத் தெரிந்த டாக்டர் குடும்பம் ஒன்று எங்களோடு சேர்ந்துகொள்ளும். டிக்கெட் பொறுப்பும் டாக்டருடையதுதான்.

திட்டம் புதிதல்ல. மூத்த மனைவி ஆவுடையாளைக் கட்டிய வருஷமே போட்டது. பதினெட்டு வருஷம் சுவரில் தொங்கிற்று. சில வருஷம் யுத்தம். மற்ற வருஷங்களில் அத்தானுக்கு வயிறு சரியில்லை. அந்த அம்மாள் சாயங்காலம் விளக்கேற்றும்போது ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பாளாம். அப்போது ஃப்ளாரன்ஸுக்கும் மிலானுக்கும் நடுவில் வெனிஸ் இருந்தது. வாசலுக்கு வாசல் படகில் போகிற ஊர் என்று அவளுக்கு அதன்மேல் தனி ஆசை. ஒப்பித்துக்கொண்டே ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். ராமேசுவரம்கூடப் பார்க்கவில்லை.

புதுத் திட்டத்தில் வெனிஸை அத்தான் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"தண்ணிக்குள்ள கெடக்குற ஊரு. நெஞ்சுல சளி கட்டும்."

"எதை வேணாலும் அடிங்க" என்றாள் பொன்னம்மாள். "பொறப்படுற நாளை மட்டும் அடிக்காதீங்க. இந்தத் தடவையும் போகலேன்னா நானும் பேரை ஒப்பிச்சுக்கிட்டே சாக வேண்டியதுதான்."

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். மூன்று பேராக வாசற்படி தாண்டக்கூடாது. வழித்துணைக்கு ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கணக்கில் வைக்க வேண்டும்.

"ஐரோப்பாக்காரன் மூணு பேராத்தான் போறான். அவன் வீட்ல என்ன கொறஞ்சு போச்சு?"

"போயி பாத்துட்டு வந்து சொல்றீங்களாக்கும்."

கல்லைக் கொண்டுவந்தது நான்தான். அந்த வருஷம் மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. நிறையத் தண்ணீர் நின்ற இடத்தில் வழவழப்பான கற்கள் வெளியே தெரிந்தன. வெயில் கடுமை. முதலில் காலில் தட்டுப்பட்டதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒரு முனை உடைந்திருந்தது.

அத்தான் சிரித்தார். "நாலாவது பாசஞ்சர் வந்தாச்சு. டிக்கெட் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். நல்ல பிரயாணி."

அன்று சாயங்காலமே ஒத்திகை ஆரம்பமாயிற்று. வீட்டு நடுமுற்றத்தில் நான்கு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு அதற்கு ரயில்பெட்டி என்று பெயர் வைத்தார். சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு. இட்லியை முள்கரண்டியால் குத்தித் தின்றார். நான் ஸ்டேஷன் பெயர் சொல்ல, அவர் ஜன்னல் என்று நினைத்துக்கொண்ட தூணைப் பார்த்துத் தலையாட்டினார். நாலாவது நாற்காலியில் கல்.

மூன்றாம் நாள் ஒரு வாசனை வந்தது.

சேற்று வாசனை. அல்லித்தண்டு அழுகினால் வருமே, அது. நாலு மைல் சுற்றளவில் சேறு என்று ஒன்று இல்லாத காலம்.

அப்புறம் சத்தம். நிதானமாக, ஒவ்வொரு சொட்டாக. ஓட்டுக் கூரையைப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது. கீழே பார்த்தோம்.

நாலாவது நாற்காலியின் பிரம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு வேலைக்கு இருந்த இருளாயி துடைக்க வந்தாள். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பினாள். உடைந்த முனையைத் தடவினாள். பிறகு, சூடு பட்டதுபோல் இல்லை, தூங்குகிற பிள்ளையை வைப்பதுபோல் மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"இதை எங்கிட்டு எடுத்தீக?"

"கண்மாய்ல" என்றேன்.

"கருமாதிக்கு ஊன்டுன கல்லை எல்லாம் அங்கிட்டுத்தானே போடுறது. இது ஆவுடையாச்சிக்கு ஊன்டுனது. கல்லுக்கு ஊத்தப் பாலு கொண்டாந்தவ நான். இந்த மொனை ஒடஞ்சது எனக்குத் தெரியாதா?"

இறந்தவரின் ஆவியை ஒரு கல்லில் இருத்தி, காரியம் முடிந்ததும் தண்ணீரில் விடுவார்கள். விட்டதைத் திரும்பக் கூப்பிடுவதில்லை. நாங்கள் கூப்பிட்டது மட்டுமில்லை, பிரயாணத்துக்கும் கூப்பிட்டிருந்தோம்.

அத்தான் கோட்டைக் கழற்றவில்லை. "மூடநம்பிக்கை" என்றார். தம் நாற்காலியை மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் உச்சிவேளையில் கல்லைக் கண்மாயில் கொண்டுபோய்ப் போட்டேன். வறண்ட தரையில் அது விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

சாயங்காலம் நாற்காலியில் இருந்தது.

வறண்ட கண்மாயில் போட்ட கல், நனைந்து வந்திருந்தது.

சுவரில் தொங்கிய திட்டத்தை யாரோ ஈர விரலால் தடவியிருந்தார்கள். வேறெந்த எழுத்தும் கலையவில்லை. சிவப்புக் கோடு மட்டும் கரைந்து வழிந்திருந்தது. வெனிஸ் பளிச்சென்று தெரிந்தது.

ரத்து செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். அத்தானுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் வழியனுப்பு விழாவுக்கு நோட்டீஸ் அச்சடித்து அன்னவாசல் வரை கொடுத்தாகிவிட்டது. பேய்க்கும் நோட்டீஸுக்கும் நடுவில் அவர் இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். கடைசியில் கல்லை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பொன்னம்மாள் வெனிஸுக்கும் இடம் கேட்டு டாக்டருக்குத் தந்தி கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

திருமயம் ஸ்டேஷனில் நாகஸ்வரம், ஏழு மாலை, இரண்டு வாழ்த்துப் பா. "ஐரோப்பாவை வென்று வருக" என்று ஒருவர் முழங்கினார். நல்ல பகல். வண்டி கிளம்பியது. நான்கு பேர் உட்காரும் பெட்டியில் அத்தானும் நானும் ஒரு பக்கம், எதிரே பொன்னம்மாள். அவள் பக்கத்து இடம் காலி.

நமணசமுத்திரம் வரை ஒன்றுமில்லை.

அப்புறம் அந்தக் காலி இடத்தில் மெத்தை கறுத்தது. தண்ணீர் சிந்தினால் பரவுகிற மாதிரி இல்லை. முதலில் இரண்டு தொடை. பிறகு முதுகு, சாய்மானத்தில். பெட்டி முழுக்கச் சேற்று வாசனை.

"நேப்பிள்ஸ்" என்று ஒரு குரல் கேட்டது. விளக்கேற்றும்போது ஒப்பிக்கிற குரல். "ரோம். ஃப்ளாரன்ஸ்."

நான் சொல்லவில்லை.

அத்தான் வாயில் கைக்குட்டையைத் திணித்திருந்தார்.

பொன்னம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"வெனிஸ்" என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்றது.

பொன்னம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினாள். ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து, முழங்காலை மடக்கி வழிவிட்டாள். "சன்னலோரமா வந்து உக்காருங்க ஆச்சி" என்றாள். "காத்து வரும்."

புதுக்கோட்டையில் வண்டி நின்றது.

"தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்றார் அத்தான்.

"நானும் வாரேன்" என்றேன்.

குழாய் இருந்தது. தண்ணீரும் வந்தது. நாங்கள் அதைத் திறந்துவிட்டபடி நின்றோம், வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியும் மறையும் வரை. பொன்னம்மாள் எங்களைத் தேடித் தலையை நீட்டவில்லை. ஜன்னலோரத்தில் அவள் இல்லை. உள்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

கப்பல் நாட்களும் சேர்த்து நாற்பத்தெட்டாம் நாள், திட்டப்படி, அதே வண்டி திரும்பிற்று. புதுக்கோட்டையில் நாங்கள் ஏறிக்கொண்டு, மூவருமாகத் திருமயத்தில் இறங்கி மாலை வாங்கிக்கொண்டோம். வண்டியில் எதிரே அவள் கொஞ்சம் கறுத்து, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படிப் போயிற்று என்று அத்தான் கேட்டார்.

"டாக்டர் சம்சாரம் நல்லவ. ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டா" என்றாள்.

அவள் ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தாள். வெனிஸில் எடுத்தது. ஒடுக்கமான படகு, ஒரு ஓரமாகப் பொன்னம்மாள், பக்கத்தில் ஒருவருமில்லை.

படகு, ஒருவருமில்லாத பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அத்தான் திருமயத்திலும் கறம்பக்குடியிலும் ஐரோப்பாவைப் பற்றி ஐந்து பிரசங்கம் செய்தார். தண்ணீருக்குள் நிற்கும் ஊரைத் தாம் அணுஅணுவாக அனுபவித்ததாகச் சொன்னபோது ஜனங்கள் கைதட்டினார்கள். ஆறாவது பிரசங்கம் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. முன்வரிசையில் பொன்னம்மாள், அவளுக்கு அடுத்த நாற்காலி காலி. வெனிஸ் என்று ஆரம்பித்தவர் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லி இறங்கிவிட்டார். நாற்காலிக்குக் கீழே தரையில் வட்டமாக ஈரம்.

இரும்புப் பெட்டி பூட்டியே இருக்கிறது. திறந்து பார்க்க ஆள் இல்லை. நாலாவது நாற்காலி இன்னும் அந்த முற்றத்தில்தான். தினமும் விளக்கு வைத்த பிறகு இருளாயி ஒரு துணி கொண்டுவந்து அதைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

அந்த நாற்பத்தெட்டு நாளும் நானும் அத்தானும் அறந்தாங்கியில் ஒரு கருப்பட்டி மண்டியின் மாடி அறையில் இருந்தோம். இரண்டு பாய் கொடுத்தார்கள். விளக்கை அணைக்காமல் ஒன்றில்தான் படுத்தோம்.