ஊமைப் பெட்டியின் முனகல்

ஊமைப் பெட்டி முனகியது.

தேவகி முதலில் அதைக் காற்று என்றே எண்ணினாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஓயாத மழை. வண்டி வீட்டின் தகரக் கூரையில் விழும் துளிகளின் சடசடப்பும், சவுக்குத் தோப்பின் இரைச்சலும், அதற்கும் அப்பால் கடல் மணலை வாரிக்கொண்டு திரும்பும் உறுமலும் ஒன்றாகக் குழைந்து ஒலிக்கும் அந்த மாலை வேளையில், ஒரு சத்தம் கூடுதலாக இருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் பெட்டியின் கதவில் கைவைத்தபோது உள்ளங்கையில் மெல்லிய நடுக்கம் ஒன்று தட்டுப்பட்டது. வாயைத் திறக்காமல் பாடுகிறவனின் தொண்டையைத் தொட்டதுபோல் இருந்தது.

எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டிக்குச் சத்தம் கிடையாது. அதில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. பின்புறம் கட்டைவிரல் அளவு நீலச் சுடர் ஒன்று எரியும், அந்தச் சூட்டில் குழாய்களுக்குள் ஏதோ ஏறி இறங்கும், உள்ளே குளிரும். அவ்வளவுதான்.

அவள் மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே இன்னும் மூன்று இருந்தன. அன்று பதினான்கில் பதினோராவது ஊசி.

வாசலில், தார்ப்பாய்க்கு அடியில், பச்சையம்மா தன் எட்டு வயது மகள் மனோரமாவை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். நாய் கடித்த காயம் அந்தச் சிறுமியின் கெண்டைக்காலில் ஆறிக் கறுத்திருந்தது. தொப்புளைச் சுற்றிலும்தான் ஊசித் தடங்கள்.

"சிஸ்டர், ஒங்க ஊமைப் பெட்டி பாட்டு பாடுது!" என்றாள் சிறுமி.

"ஏய், சும்மா கெட. ஊசின்னாலே இவளுக்கு வாய் நீண்டுடும் சிஸ்டர். ஊமை எங்கியானா பாடுமா?"

"பாடுதுமா. ம்ம்ம்னு. நீ காது குட்த்து கேளேன்."

தேவகி சிரிப்பை வரவழைத்துக்கொண்டு ஊசியைப் போட்டாள்.

அந்த வண்டி ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் இருவருக்கு வீடாக இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தரைவழியாகவே நாடு நாடாகக் கடந்து சென்னைவரை ஓட்டிவந்தவர்கள், விமானச் செலவுக்காக அதை அங்கேயே விற்றுவிட்டுப் போனார்கள். படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் கொண்ட அந்த வீட்டை ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி, மருத்துவ வண்டியாக்கி, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை பரப்பி, பழவேற்காடு ஏரியைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் கொண்டுவந்து நிறுத்தியது. மீஞ்சூரிலிருந்து தேவகி செவிலியாக வந்தாள். ஓட்டுநராக வந்த வரதன் இந்தக் குப்பத்துக்காரன்தான்.

அப்போது இருந்தது பேட்டரியில் ஓடும் பெட்டி. எந்நேரமும் முனகும், இரண்டு நாளில் ஒரு பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். தீர்ந்ததைப் படகில் ஏற்றிப் பழவேற்காட்டில் பஷீர் பாய் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவது வரதனின் வேலை. அவனுக்குப் பிறகுதான் நிறுவனம் அதை அகற்றிவிட்டு எரிவாயுப் பெட்டியை அனுப்பியது. ஊசிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பழைய பெட்டியைத் தேடியபோது தேவகி ஒரு கதை கட்டிச் சொன்னாள்: ஒரு ராஜாவுக்கு இரண்டு வேலைக்காரர்கள். ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வான். சோறு தீர்ந்தால் படுத்துவிடுவான். மற்றவன் ஊமை, வயிற்றில் ஒரு பொறி நெருப்பு இருந்தால் போதும், பேசாமல் உழைப்பான். ராஜா முணுமுணுப்பவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஊமையை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து குப்பம் முழுவதும் அது ஊமைப் பெட்டி.

முணுமுணுப்பவன் எந்த வீட்டுக்குப் போனான் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. தேவகியும் அதை யோசித்ததில்லை.

மறுநாள் மாலை முனகல் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்கப் பெட்டியின்மேல் தண்ணீர் ஊற்றி ஒரு தட்டை வைத்திருப்பாள். சாய்ந்தால் எரிவாயுப் பெட்டி குளிராது. தட்டில் தண்ணீர் சாயவில்லை. நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் பச்சையம்மாவின் கணவன் மாணிக்கத்தைக் கூப்பிட்டாள். அவன் வண்டியின் பின்பக்கம் போய்ச் சிலிண்டரை அசைத்துப் பார்த்தான். பிறகு ஒற்றைக் கையால் தூக்கிவிட்டான்.

"இன்னா சிஸ்டர், கூடை மாதிரி வருது! காலி."

"இருக்காது மாணிக்கம். உள்ளே ஜில்லுனு இருக்கே."

"நீங்களே வந்து பாருங்க."

அவள் குனிந்து, சுடரைப் பார்ப்பதற்கென்று விட்டிருந்த சிறு துளைக்குள் டார்ச் அடித்தாள். நீலம் இல்லை. சூடு இல்லை. சுடர் எரிய வேண்டிய இடத்தில் ஒரு சிலந்தி வலை பின்னி, முட்டையிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ அணைந்த அடுப்பு அல்ல அது.

"அப்போ இத்தினி நாளா எது ஓட்டுது?" என்றான் மாணிக்கம்.

"பழைய குளிர் கொஞ்ச நாள் நிற்கும்," என்றாள் தேவகி. அது பொய். "பஷீர் பாய்கிட்ட புதுச் சிலிண்டர் வாங்கி வர முடியுமா?"

"ஏரியைப் பாத்தீங்களா? வாடைக்காத்து இந்த அடி அடிக்கிது. எந்தப் படகும் போவாது. மூணு நாளாவது ஆவும்." அவன் குரல் தணிந்தது. "சிஸ்டர், அதே நாய் கடிச்ச கன்னுக்குட்டி நேத்து செத்துப்போச்சு. வாயில நுரை தள்ளிக்கினு, தண்ணியப் பாத்தா மிரண்டுக்கினு. மனோக்கு இன்னும் மூணு ஊசிதானே? மருந்து நல்லாத்தானே கீது?"

"நல்லா இருக்கு."

தெர்மாமீட்டர் நான்கு டிகிரி காட்டியது. எட்டைத் தாண்டினால் மருந்து செத்துவிடும். செத்த மருந்தும் உயிருள்ள மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் லாரி ஒரு வாரமாக அக்கரைக்கே வரவில்லை. இக்கரையில், இந்த மணல் திட்டு முழுவதிலும், குளிர்ந்த இடம் இந்த ஒன்றுதான். அவள் பன்னிரண்டாவது ஊசியைப் போட்டாள்.

அன்றிரவு உறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த முனகல். அது இயந்திரத்தின் ஓசை அல்ல. இயந்திரம் மூச்சு வாங்காது. இது நடுநடுவே நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, பிறகு தொடர்ந்தது. பேட்டரியைத் தோளில் சுமந்து மணலில் நடந்து வருகையில் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க வரதன் பழைய பெட்டியைப் போல முனகுவான். ஏழெட்டு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவான். மறுபடி முனகுவான்.

அவன் கடைசியாகப் போன அன்றும் காற்று இருந்தது. "பேட்டரி ஏரியில விழுந்தா என் வேலைக்குத்தான் சங்கு, சிஸ்டர்," என்று சிரித்தான். இந்த ஏரியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதைத் தவறவிடக் கூடாதோ அதை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். இறால் பையானாலும் சரி, வலைக்கயிற்றின் முனையானாலும் சரி. ஊர் வழக்கம் தெரிந்துகொண்ட பெருமையில், கதவில் தொங்கிய கயிற்றை அவிழ்த்து நீட்டியவள் தேவகிதான். "இடுப்பில கட்டிக்கோ வரதா. இறுக்கிக் கட்டு."

இறால் பை மிதக்கும். பேட்டரி மிதக்காது. இரண்டு பேருமே அதை நினைக்கவில்லை.

படகு கவிழ்ந்த இடத்தில் தண்ணீர் மார்பளவுதான், நின்றால் பிழைத்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். நாலு நாள் வலை போட்டுத் தேடினார்கள். முடிச்சு இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். அவன் கிடைக்கவே இல்லை.

பதின்மூன்றாம் நாள். மழை விட்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மழை போர்த்தியிருந்ததெல்லாம் இப்போது தனித்தனியாகக் கேட்டது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் பச்சையம்மா மகளோடு வந்து தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தாள். கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கி, அதன் ஒளி வண்டியின் சன்னலைத் தொட்டுத் தொட்டு விலகியது. தேவகி படியேறினாள். உள்ளே ஏரிச்சேற்றின் வாடை. அதற்கு அடியில் மூக்கைக் கடிக்கும் புளிப்பு. பேட்டரி அமிலத்தின் புளிப்பு. இந்த வண்டியில் பேட்டரி இல்லாமல் ஒன்றரை மாதம் ஆகிறது.

முனகல் நின்றிருந்தது.

அவள் வாசலிலேயே நின்றாள். திரும்பிப் போய்விடலாம். மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். வெளியே மனோரமா எதற்கோ சிரித்தாள். கன்றுக்குட்டியின் வாயில் நுரை தள்ளியது என்று மாணிக்கம் சொன்னது காதில் ஒலித்தது.

ஓர் அடி வைத்தாள். உள்ளே மூச்சு இழுபட்டது. முனகல் மறுபடி தொடங்கியது. மெதுவாக. அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்பதுபோல.

"சிஸ்டர்," பச்சையம்மாவின் குரல். "இருட்டிக்கினு வருது. மருந்து எடுத்தாச்சா?"

"இதோ."

கதவு இறுகியிருந்தது. இழுத்தாள். வந்தது. முழங்கால்வரை குளிர் வழிந்தது. டார்ச்சைத் தூக்கினாள்.

தெர்மாமீட்டர். நான்கு டிகிரி.

மேல் தட்டு காலி.

கீழ்த் தட்டில் ஒரு கை.

பெட்டியின் பின்சுவரிலிருந்து நீண்டிருந்தது. அந்தச் சுவரில் துளை இல்லை, விரிசல் இல்லை. மணிக்கட்டுவரை சேறு. தோல் ஊறி, வெளுத்து, அவித்த மீனைப் போல் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருந்தது. நகங்கள் இல்லை. உள்ளங்கை மேல்நோக்கியிருந்தது. பறவைக் குஞ்சுகளைப் பொத்தி வைத்திருப்பதுபோல் விரல்கள் மடங்கியிருந்தன. விரல்களின் இடுக்கில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள்.

குளிர் அந்தக் கையிலிருந்துதான் வந்தது.

தேவகி டார்ச்சை இடக்கைக்கு மாற்றினாள்.

"எம்மா, ஊமைப் பெட்டி மறுபடி பாடுது பாரேன்," வெளியே சிறுமி சொன்னாள்.

"வாய மூடுடி. சிஸ்டர், இன்னா ஆச்சு? மருந்து நல்லாத்தானே கீது?"

ஒளி சன்னலைத் தொட்டது. விலகியது. தொட்டது.

"நல்லா இருக்கு, பச்சையம்மா," என்றாள் தேவகி. அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "சில்லுனு இருக்கு."

கையை உள்ளே நீட்டினாள். நீட்டினாள். அவள் விரல் நுனி அந்த விரல்களைத் தொட்டபோது முனகல் நின்றது. ஒரு விரல் நிமிர்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. உள்ளங்கை சற்றே சாய்ந்தது. குப்பி ஒன்று உருண்டு வந்து அவள் கைக்குள் விழுந்தது. இருக்க வேண்டிய குளிரில் இருந்தது.

பிறகு, கடைசிக் குப்பியின்மேல், விரல்கள் ஒவ்வொன்றாக மீண்டும் மூடிக்கொண்டன.